“ஒரு ராத்திரி வெளியே தங்குங்க, போதும்” என்று சொல்லும் பூச்சி மருந்துக்காரரிடம் உஷார்

மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று வெளியில் சொல்லவே கூச்சம். அந்தக் கூச்சத்தில் விசாரிக்காமல் ஆளைக் கூப்பிட்டேன். மாடியில் குடியிருக்கும் வயதான அம்மா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்ததற்கு அதுதான் தொடக்கம். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எங்கள் வீடு மதுரையில். கீழே நாங்கள், மாடியில் வாடகைக்குக் கணவன், மனைவி, ஆறு வயசுப் பெண் குழந்தை, கணவனுடைய அம்மா. போன வைகாசியில் பழைய மரக்கட்டில் ஒன்றை ஊரிலிருந்து ஏற்றி வந்தோம், கூடவே பூச்சியும் வந்துவிட்டது. ஒரு கம்பெனியில் கேட்டேன். இரண்டு தடவை வந்து ஸ்ப்ரே அடிக்கணும், 6,500 ரூபாய் என்றார்கள். கேட்டில் செருகியிருந்த நோட்டீஸைப் பார்த்து இன்னொருவரைக் கூப்பிட்டேன். 2,800 ரூபாய், ஒரே நாள் வேலை. “கேஸ் போட்டுருவேன் சார், முட்டை கூட மிஞ்சாது. ஒரு ராத்திரி மட்டும் வெளியே தங்குங்க.” என்ன மருந்து என்று கேட்டதற்கு “ஆர்கானிக் கேஸ்” என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கோடை மழை. வந்தவர் மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டியிருந்தார், அவ்வளவுதான் பாதுகாப்பு. அலுமினியக் குழாயைத் திருகித் திறந்து, சாம்பல் நிற மாத்திரைகளை டிபன் கடைப் பேப்பர் தட்டில் கொட்டி, கட்டிலுக்கு அடியில் ஒன்று, பீரோ பின்னால் ஒன்று என்று தள்ளினார். ஜன்னல் இடுக்கில் பழைய பேப்பரும் செல்லோ டேப்பும். பத்தே நிமிஷம். அரிசி டப்பா அடுக்களையிலேயே இருந்தது, என் சுகர் மாத்திரை அலமாரியில். எதையும் எடுக்கச் சொல்லவில்லை. மாடியில் ஆள் இருக்கிறார்களே என்று நான் கேட்டேன். “மேலே ஏறாது சார், இது கனமான கேஸ்” என்றார்.

ராத்திரி பத்தரைக்கு மாடித் தம்பி போன் பண்ணினார். “அண்ணே, அடுப்படியில பூண்டு அழுகின மாதிரி நாத்தம் வருது. அம்மாவுக்கு ரெண்டு தடவை வாந்தி, தலைவலின்னு படுத்துருச்சு.” நாங்கள் மச்சினன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கை கழுவக்கூட இல்லை. ஜன்னலைத் திறந்துபோட்டு எல்லாரும் தெருவுக்கு வாங்க என்று கத்தினேன், 108-க்குச் சொன்னேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று அது முன் அறையில், வாசல் பக்கம் தூங்கியது. அது மட்டும்தான் காரணம்.

எப்படி ஏறியது? மறுநாள் எலக்ட்ரீஷியன்தான் காட்டினார். கீழே மீட்டர் போர்டிலிருந்து சுவருக்குள்ளேயே போகும் ஒயர் பைப் நேராக மாடி அடுப்படி சுவிட்ச் பெட்டியில் போய் முடிகிறது. சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில்தான் அந்த அம்மாவின் கட்டில்.

குப்பையில் கிடந்த குழாயை எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டினேன். அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் இருக்கும் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற விஷவாயு கிளம்பும், மழை நாளில் இன்னும் வேகமாக. காற்றைவிடக் கொஞ்சம்தான் கனம், அதனால் கதவு இடுக்கு, பைப், சுவர் வெடிப்பு எதிலும் நுழைந்து பரவும். முறிவு மருந்து கிடையாது என்றார் டாக்டர். இதயமும் மூச்சும் தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வைத்தியம். 2024 நவம்பரில் சென்னைப் பக்கம் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தது செய்தியில் வந்ததே, அதைப் படித்துவிட்டு ‘ஐயோ பாவம்’ என்று பக்கத்தைப் புரட்டியவன்தான் நானும்.

அப்புறம் விசாரித்ததில் தெரிந்துகொண்டது இது. இந்த மாத்திரை நெல், அரிசி மூட்டை அடுக்கிய குடோனுக்கானது. ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு இல்லவே இல்லை. பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968-இன்படி இதைக் கையாள உரிமம் வேண்டும், கடையில் கண்டவருக்கும் விற்கக் கூடாது. மூட்டைப்பூச்சிக்கு ஸ்ப்ரேயும் நீராவியுமே போதும், ஆனால் இரண்டு மூன்று தடவை வரணும். அந்த 6,500 ரூபாய்க் கம்பெனி சொன்னது சரிதான்.

குடோன் வைத்திருக்கும் என் நண்பர் ஒருவர் முறையாகப் புகைமூட்டம் போடுவார், அதாவது குடோனை மூடி விஷவாயுவால் பூச்சியைக் கொல்வார். அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. முதலில் ஒட்டின சுவர்க்காரர், மேல் மாடிக்காரர் எல்லாரிடமும் நேரில் போய்ச் சொல்வாராம், அன்று அவர்களும் அங்கே இருக்கக் கூடாது. ஆடு, நாய், மீன் தொட்டி வரை வெளியே. அடுப்பு, விளக்கு எதுவும் எரியக் கூடாது, வாயு அடர்த்தியானால் தீப்பிடிக்கும். செம்பு இருக்கும் சாமான்களையும் அப்புறப்படுத்த வேண்டும், இந்த வாயு செம்பை அரித்துவிடும். இது எனக்குப் புதிது. என் இன்வெர்ட்டரும் டிவியும் ஒரு வாரத்தில் செத்துப்போனதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. ஒயர் முனையெல்லாம் கறுத்திருந்தது. கதவில் மண்டை ஓடு படம் போட்ட அட்டை, தேதி, பொறுப்பாளர் பெயர், பூட்டுச் சாவி அவர் கையில். பல நாள் மூடி வைத்து, பிறகு காற்றோட்டம் விட்டு, வாயுவை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்து, பத்து லட்சம் பங்கு காற்றில் வாயு 0.3 பங்குக்குக் கீழே வந்த பிறகுதான் உள்ளே காலை வைப்பாராம். மோப்பம் பிடித்துப் பார்ப்பதை நம்ப முடியாது. நாத்தமே இல்லாமலும் விஷம் இருக்கும்.

எங்கள் ஆளோ மறுநாள் ஜன்னலைத் திறந்துவிட்டு, மிஞ்சிய சாம்பலைத் துடைப்பத்தால் கூட்டி என் வீட்டுக் குப்பை வாளியிலேயே போடப் போனார். அதிலும் வாயு மிச்சம் இருக்கும் என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. நடந்ததைச் சொன்னபோது, “உங்க வீட்டுல ஓட்டை இருந்தா நான் என்ன சார் பண்றது?” என்றார். ரசீது கேட்டேன். பில் புக் தீர்ந்துபோச்சாம். அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை.

என் தப்பும் இருக்கிறது, மறைக்கவில்லை. உரிமத்தைக் காட்டுங்கள், மருந்தின் பெயரை எழுதிக் கொடுங்கள் என்று இரண்டே வார்த்தை கேட்டிருந்தால் அவர் வாசலோடு திரும்பியிருப்பார். மாடிக்காரரிடமும் நான் “பூச்சி மருந்து அடிக்கிறோம்” என்றுதான் சொன்னேன். கேஸ் என்று சொல்லவே இல்லை.

ஆஸ்பத்திரிச் செலவை நான் கட்டினேன். அந்த அம்மா தேறி வந்துவிட்டார், இன்னமும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வேளாண்மைத் துறை அலுவலகத்தில் குழாயின் போட்டோவோடு புகார் கொடுத்திருக்கிறேன், போலீஸிலும் எழுதிக் கொடுத்தாயிற்று. மூட்டைப்பூச்சி? மூன்றாவது வாரமே திரும்பி வந்துவிட்டது.

நேற்று பக்கத்துத் தெருவில் ஒரு கேட்டில் அதே நோட்டீஸைப் பார்த்தேன். அதே மஞ்சள் தாள், அதே கரப்பான் படம். போன் நம்பர் மட்டும் வேறு.