அக்சென்ச்சர் வேலை: ஆஃபர் லெட்டரில் இல்லாத விஷயங்கள்

அக்சென்ச்சரைப் பற்றி ஊழியர் ஒருவர் புகழ்ந்தாலும் திட்டினாலும், அவர் எந்த லெவல், எந்த ப்ராஜெக்ட், அப்போது பில்லிங்கில் (கிளையன்டிடம் பணம் வாங்கும் வேலையில்) இருந்தாரா, பெஞ்சில் (ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பில்) இருந்தாரா என்று முதலில் கேளுங்கள். அயர்லாந்தின் டப்ளினைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த ஐ.டி., ஆலோசனை நிறுவனத்தில் 7 லட்சத்துக்கு மேல் ஆட்கள். அதில் 3 லட்சத்துக்கு மேல் இந்தியாவில். வங்கி இயக்குநர்களுக்கு ஆலோசனை சொல்பவரும், ராத்திரி ஷிஃப்டில் டிக்கெட் (கிளையன்ட் பதிவு செய்யும் கோளாறுப் புகார்) மூடுபவரும் மாட்டியிருப்பது ஒரே ஐ.டி. கார்டுதான்.

லெவல் எண் குறையக் குறையப் பதவி உயரும். இன்ஜினியரிங் முடித்து வருபவர் பெரும்பாலும் 12. 9 கன்சல்டன்ட், 7 மேனேஜர், 4உம் அதைவிடக் குறைந்த எண்களும் மேனேஜிங் டைரக்டர். கீழ்ப் பதவிகளில் உயர்வது வேகம். 8லிருந்து 7க்குப் போகும் இடத்தில்தான் நெரிசல். அங்கே நல்ல வேலைக்காரர் என்ற பெயர் மட்டும் போதாது, உங்களை வைத்து ஒரு டீம் ஓடும் என்று காட்ட வேண்டும். நிதியாண்டு செப்டம்பர் முதல் ஆகஸ்ட் வரை. 2024 டிசம்பரில் வர வேண்டிய பெரிய ப்ரமோஷன் சுற்றை 2025 ஜூனுக்குத் தள்ளிவிட்டார்கள். பழைய கணக்கை வைத்து வீட்டுக்கடன் திட்டம் போட வேண்டாம்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது டைம்ஷீட். மாதம் இரண்டு முறை, 15ஆம் தேதியும் மாதக் கடைசியிலும், ஒவ்வொரு மணி நேரத்தையும் ஒரு டபிள்யூ.பி.எஸ். கோடில் (எந்த வேலைக்கான நேரம் என்று காட்டும் கணக்கு எண்) போட வேண்டும். கிளையன்ட் கோடில் ஏறும் மணிதான் சார்ஜபிள், உங்கள் மொத்த நேரத்தில் அதன் பங்குதான் சார்ஜபிலிட்டி. பயிற்சி, பெஞ்ச் போன்றவற்றுக்குத் தனிக் கோடு. அது ஏற ஏற உங்கள் சார்ஜபிலிட்டி சதவீதம் இறங்கும். இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு ஒன்று உண்டு: பட்ஜெட் இடிக்கிறது என்று 11 மணி நேரம் உழைத்துவிட்டு 9 என்று போடுவது. அதைப் பார்த்து அடுத்த கட்டத்துக்கும் அதே ஆள்கணக்கில் எஸ்டிமேட் போடுவார்கள், சுமை குறையவே குறையாது. உழைத்ததைத்தான் போட வேண்டும்.

ஆண்டுதோறும் ஊழியர்களுக்கு ரேங்க் போடும் முறையை 2015இல் கைவிடுவதாக அறிவித்தார்கள். ஆனால் ஊதிய உயர்வுக்கான பணம் அளவானது. ஒப்பீடு மீட்டிங் அறைக்குள் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கே உங்களுக்காகப் பேசுபவர் பீப்புள் லீட், அதாவது உங்கள் வளர்ச்சியைக் கவனிக்க நியமிக்கப்பட்ட மூத்தவர். அவர் பெரும்பாலும் உங்கள் வேலையை நேரில் பார்த்திருக்க மாட்டார். பார்ப்பவர் ப்ராஜெக்ட் சூப்பர்வைசர். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செய்த வேலையை எண்களோடு எழுதி பீப்புள் லீடுக்கு மெயில் போடுங்கள், சூப்பர்வைசரை சி.சி.யில் வையுங்கள். இதைச் செய்யாமல் ‘அரசியல்’ என்று புலம்புபவர்கள் நிறைய.

நிஜமாகவே நல்ல சலுகை, ஊழியர் பங்குத் திட்டம். சம்பளத்தில் 10 சதவீதம் வரை பிடித்து, ஆண்டுக்கு இரண்டு முறை 15 சதவீதத் தள்ளுபடியில் நியூயார்க் பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிப் பங்குகளைத் தருகிறார்கள். அந்தத் தள்ளுபடித் தொகைக்கு இந்தியாவில் சம்பள வருமானமாக வரி உண்டு. பங்கு கையில் இருந்தால் வருமான வரிக் கணக்குக்கு எளிய படிவமான ஐ.டி.ஆர்-1 செல்லாது, ஐ.டி.ஆர்-2இல் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையையும் நிரப்ப வேண்டும். அதற்குக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை, ஏப்ரலில் தொடங்கக் கூடாது. சொற்பத் தொகைதானே என்று விட்டவர்களுக்குத்தான் நோட்டீஸ் வருகிறது.

பயிற்சி வசதி தாராளம். பெஞ்சில் இருக்கும்போது கிளவுட் சான்றிதழ் ஒன்றையாவது முடித்துவிடுவது புத்திசாலித்தனம். வேலை நிரந்தரம் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். 2023 மார்ச்சில் உலகளவில் 19,000 பேரைக் குறைப்பதாக அவர்களே அறிவித்தார்கள்.

கையெழுத்துப் போடும் முன் எச்.ஆரிடம் கேட்க வேண்டியவை: சி.டி.சி.யில் (கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்த ஆண்டுச் செலவு) வேரியபிள் (செயல்திறனைப் பொறுத்து மாறும் தொகை), கிராஜுவிட்டி, கம்பெனி கட்டும் பி.எஃப். எல்லாம் கழித்து மாதம் கையில் எவ்வளவு; ஷிஃப்ட் எது; எந்த ப்ராஜெக்ட்; நோட்டீஸ் பீரியட் 90 நாளா, பணம் கட்டி முன்பே விலக முடியுமா. ப்ராஜெக்ட் பெயரைச் சொல்லாமல் மழுப்பினால், முதல் சில வாரம் பெஞ்ச் என்று எடுத்துக்கொள்ளலாம்.