புராஜெக்ட் கார்ஸ் 2: நிஜ டிரைவர்கள் கைவைத்த கேம், பல வருடம் ஓட்டிய பிறகு

பல ரேஸிங் கேம்கள் ஏதாவது ஒரு டிரைவரின் பெயரைச் சொல்லித்தான் விற்கப்படுகின்றன. அந்தப் பெயருக்கும் நம் கையில் இருக்கும் ஸ்டியரிங் வீலுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா என்பது முதல் வாரத்தில் தெரியாது, வருடக்கணக்கில் ஓட்டினால்தான் பிடிபடும். புராஜெக்ட் கார்ஸ் 2 வந்தது 2017 செப்டம்பரில். அதற்கப்புறம் எத்தனையோ கேம் வந்துவிட்டது, நானும் பலவற்றை வாங்கி ஓட்டிவிட்டேன், ஆனால் வாரக் கடைசியில் வீலை மேஜையில் மாட்டி உட்கார்ந்தால் பாதி நேரம் இன்னமும் இதில்தான் போகிறது. அதனால் இதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

செய்தவர்கள் லண்டனைச் சேர்ந்த ஸ்லைட்லி மேட் ஸ்டுடியோஸ். 2015 மே மாதம் வந்த முதல் பாகத்துக்குப் பணத்தில் ஒரு பங்கு ரசிகர்களிடமிருந்தே வந்தது. பணம் போட்டவர்கள் முழுமை பெறாத பதிப்புகளை ஓட்டிப் பார்த்துக் கருத்தும் சொன்னார்கள். அவர்களோடு சேர்ந்து தொழில்முறை டிரைவர்களும் இருந்தார்கள். பென் காலின்ஸ் ஒருவர். டாப் கியர் டிவி நிகழ்ச்சியில் வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓட்டிய 'ஸ்டிக்' இவர்தான் என்பது 2010-இல் வெளியே வந்தது. இன்னொருவர் நிக்கோலஸ் ஹாமில்டன், ஃபார்முலா 1 சாம்பியன் லூயிஸ் ஹாமில்டனின் தம்பி. இரண்டாம் பாகத்தில் ரெனே ராஸ்ட், டாமி மில்னர், மிட்செல் டியாங், வான் கிட்டின் ஜூனியர் என்று பட்டியல் நீண்டது.

இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது யாருடைய புகழும் இல்லை, அதில் இருக்கும் கலவை. ராஸ்ட் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தை ஆடி ஆர்8 காரில் வென்றவர், கேம் வெளியான அடுத்த மாதமே ஜெர்மனியின் டிடிஎம் கார் பந்தயத் தொடரின் பட்டத்தையும் எடுத்தார். மில்னர் கொர்வெட் அணிக்காக பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் வெற்றி கண்டவர். இவர்கள் இரண்டு பேரும் டயரின் கிரிப், அதாவது தரையோடு இருக்கும் பிடி, எங்கே முடிகிறதோ அந்த விளிம்பு வரை போய், அதைத் தாண்டாமல் அங்கேயே மணிக்கணக்கில் நிற்கத் தெரிந்தவர்கள். கிட்டின் அப்படி இல்லை, அவர் காரை வேண்டுமென்றே குறுக்கே நழுவவிட்டு ஓட்டும் ஃபார்முலா டிரிஃப்ட் போட்டியின் 2010 சாம்பியன். டியாங் ராலிகிராஸ்காரர், பாதி தார், பாதி மண் என்று இருக்கும் தடங்களில் ஓட்டுபவர். இந்த இருவரின் தொழிலே கிரிப் போன பிறகுதான் ஆரம்பிக்கிறது. என்னைக் கேட்டால், இந்த கேமின் குணத்தைத் தீர்மானித்ததில் இந்த இரண்டாவது வகை ஆட்களின் பங்குதான் பெரிது என்பேன்.

ஏன் என்று சொல்ல டயரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். வளைவில் திரும்பும்போது டயர் பார்க்கும் திசையும் கார் போகும் திசையும் ஒன்றாக இருக்காது, இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோணம் இருக்கும். ஸ்லிப் ஆங்கிள் என்பார்கள். அந்தக் கோணம் கூடக்கூடக் கிரிப்பும் கூடும், ஒரு கட்டத்தில் உச்சம் தொட்டு அப்புறம் இறங்கும். உச்சம் வரைக்குமான பகுதியை டயரைச் சோதிக்கும் இயந்திரங்களில் நன்றாக அளந்துவிடலாம். உச்சத்தைத் தாண்டியதும் டயர் சூடாகிறது, தேய்கிறது, அளவுகள் நம்பும்படி வருவதில்லை. அங்கே பெரும்பாலும் டெவலப்பர் தன் கணக்கை வைத்துக் கோட்டை நீட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். பழைய சிமுலேட்டர்கள் பலவற்றில் அந்தக் கோடு செங்குத்தாக விழும், அதனால் பின்பக்கம் கொஞ்சம் நகர்ந்தாலே கார் ஐஸ் மேல் போவது மாதிரி சுற்றிவிடும். ஆனால் வாழ்க்கையையே அந்தப் பக்கத்தில் கழிக்கிற ஒரு டிரிஃப்ட் டிரைவரை உட்கார வைத்து ஓட்டச் சொன்னால், "நிஜத்தில் இவ்வளவு சீக்கிரம் விட்டுவிடாது, இன்னும் கொஞ்சம் பிடித்து இழுக்கும்" என்கிற மாதிரி ஒரு தகவல் கிடைக்கும். அளவுகள் தீர்ந்துபோகும் இடத்தில் டிரைவர்தான் சாட்சி.

இதை ஓட்டும்போது உணரலாம். ஆடி ஆர்8-இன் பந்தய வடிவமான ஆர்8 எல்எம்எஸ் ஜிடி3 காரை எடுத்துக்கொண்டு, சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலைக் குறைத்து வைத்துவிட்டு, ஏதாவது ஒரு மெதுவான வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரு நொடி முன்னதாக மிதித்துப் பாருங்கள். பின்பக்கம் வெளியே வரும், வீலில் எதிர்ப்பக்கம் இழுப்பு தெரியும், அந்த இழுப்போடு கையைப் போகவிட்டால் கார் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நேராகும். அதற்குள் நேரம் போயிருக்கும், டயரின் மேல்தோல் சூடாகியிருக்கும், அடுத்த வளைவில் அந்தச் சூடு தன் வேலையைக் காட்டும். தப்பு செய்தால் உடனே தண்டனை என்று இல்லாமல், சமாளித்து வெளியே வரலாம் ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு என்கிற இந்தக் குணம்தான் என்னை இத்தனை நாள் பிடித்து வைத்திருக்கிறது. டிவியில் பந்தயம் பார்க்கும்போதும் டிரைவர்கள் இப்படித்தான் லேப்புக்கு நாலு தடவை நழுவி நழுவிப் பிடிக்கிறார்கள், யாரும் ஒவ்வொரு தடவையும் சுவரில் போய் முட்டுவதில்லை.

சரி, டிரைவர் சொன்னதை அப்படியே கேமில் போட்டுவிட்டால் நன்றாக வந்துவிடுமா என்றால், வராது. நிஜக் காரில் பின்பக்கம் நழுவுவது முதலில் தெரிவது இடுப்புக்கும் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்புக்கும்தான், கண் அப்புறம்தான் பார்க்கும். வீட்டு நாற்காலியில் அந்த இரண்டும் இல்லை. அதனால் நிஜத்தில் பெரிய ஆளாக இருக்கும் டிரைவர்கூட சிமுலேட்டரில் உட்கார்ந்த முதல் நாள் தடுமாறுவார், "இது ரொம்ப வழுக்குகிறது" என்பார். அவர் சொல்வது உண்மை. ஆனால் காரணம் டயர் கணக்கா, வீலுக்கு வரும் சிக்னலில் தாமதமா, திரையில் கேமரா இருக்கும் இடமா, அல்லது வெறுமனே அவர் உடம்புக்குக் கிடைக்காத தகவலா என்று பிரித்துப் பார்ப்பது டெவலப்பரின் வேலை. டெலிமெட்ரியை, அதாவது ஓட்டும்போது நொடிக்கு நொடி பதிவான அளவுகளை, பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த நொடியில் அவர் கை என்ன செய்தது என்று பார்த்து, அப்புறம்தான் எந்த எண்ணை மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் டிரைவர் கேட்டார் என்பதற்காகக் கிரிப்பைக் கூட்டி வைத்தால் நேரங்கள் எல்லாம் நிஜத்தை விட வேகமாகிவிடும்.

நிக்கோலஸ் ஹாமில்டன் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடத்தில்தான். பிறவியிலேயே பெருமூளை வாதம் உள்ளவர். ரேஸிங் கேம்களில் ஓட்டிப் பழகி, 2011-இல் பிரிட்டனின் ரெனோ கிளியோ கோப்பையில் நிஜக் காரில் இறங்கினார், 2015-இல் பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப் வரைக்கும் போனார். மற்றவர்கள் காரிலிருந்து கேமுக்கு வந்தவர்கள், இவர் கேமிலிருந்து காருக்குப் போனவர். நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு எது கிடைக்கும் எது கிடைக்காது என்று உடம்பாலேயே அறிந்த ஒருவர் அந்த அறையில் இருப்பது சாம்பியன் பட்டத்தை விடப் பெரிய தகுதி என்றே நான் நினைக்கிறேன்.

இடுப்புக்குக் கிடைக்காததை வீல்தான் சொல்லியாக வேண்டும் என்பதால் ஃபோர்ஸ் ஃபீட்பேக், அதாவது வீலுக்குள் இருக்கும் மோட்டார் நம் கைக்குக் கொடுக்கும் இழுப்பு, பற்றி ஒரு வார்த்தை. நிஜக் காரில் முன் டயர்கள் கிரிப்பின் உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே ஸ்டியரிங் லேசாகிவிடும். டயரின் தடம் தரையில் பதியும் பகுதியில் விசை மையத்தை நோக்கி நகர்வதால் வருவது அது. "இதற்கு மேல் திருப்பாதே" என்று கார் கொடுக்கும் முன்னறிவிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த கேமில் ஃபோர்ஸ் ஃபீட்பேக்குக்கு இம்மெர்ஸிவ், இன்ஃபர்மேட்டிவ், ரா என்று மூன்று வகை இருக்கிறது. இம்மெர்ஸிவில் அதிர்வும் குலுக்கலும் ஜாஸ்தி, முதல் நாள் ஆஹா என்று இருக்கும், ஆனால் அந்தக் குலுக்கலில் இந்த லேசாகும் உணர்வு காணாமல் போய்விடும். நான் எப்போதோ இன்ஃபர்மேட்டிவுக்கு மாறிவிட்டேன், இழுப்பின் மொத்த பலத்தைத் தீர்மானிக்கும் கெயினைக் குறைத்து வைத்திருக்கிறேன். குறைந்த விலை வீல்களில் கெயினை ஏற்றிவிட்டால் மோட்டார் தன் உச்சத்திலேயே நின்றுவிடும், லேசாவதைக் காட்ட அதற்கு இடமே இருக்காது. கை வலிக்க ஓட்டுவதுதான் நிஜம் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை குறைத்து வைத்து ஓட்டிப் பாருங்கள். கேம்பேடில் ஓட்டுபவர்களும் கவலைப்பட வேண்டாம், முதல் பாகத்தோடு ஒப்பிட்டால் இதில் கேம்பேட் எவ்வளவோ தேவலை. வீல் செட் விலை நம் ஊரில் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பதால் இதைச் சொல்கிறேன்.

மழை தனி உலகம். தண்ணீர் தடம் முழுக்க ஒரே மாதிரி பரவாமல் பள்ளமான இடங்களில் தேங்குகிறது, மழை நின்றால் கார்கள் ஓடும் கோடு முதலில் காய்கிறது. வறண்ட நாளில் எந்தக் கோட்டில் ரப்பர் படிந்து கிரிப் கூடியிருந்ததோ, ஈரத்தில் அதே கோடு வழுக்கும் என்பது டிரைவர்களுக்கு கார்ட்டிங் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். இதனால் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் இருக்கும் நார்ட்ஷ்லைஃபே மாதிரி இருபது கிலோமீட்டர் தடத்தில் மழை போட்டு ஓட்டும்போது எனக்கு இன்றுவரை அலுப்பு வந்ததில்லை. அப்புறம் சுவீடனில் இருக்கும் மெர்சிடஸ் பனித் தடம். ஆணி டயர் போட்டுக்கொண்டு, ஒரு வளைவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காரைக் குறுக்கே போட்டுவிட்டு, ஆக்ஸிலரேட்டராலேயே திருப்பி ஓட்டுவதில் இருக்கும் சந்தோஷத்தை நான் வேறு எந்த கேமிலும் இந்த அளவுக்கு அனுபவித்ததில்லை. இங்கிலாந்தின் லிட்டன் ஹில் தடத்தில் ராலிகிராஸ் காரும் அப்படியே.

180-க்கும் மேற்பட்ட கார்கள், 60 இடங்கள் என்று எடுத்துக்கொண்டதன் விலையும் இருக்கிறது. எல்லாக் காரும் ஒரே தரத்தில் வராது. ஜிடி3, ராலிகிராஸ், பனி என்று டிரைவர்கள் பேசத் தகுதியுள்ள பக்கங்களில் ஓட்டும் உணர்வு முழுமையாக இருக்கிறது, வேறு சில வகைகளில் ஒவ்வொரு காருக்கும் வீல் செட்டிங்கைத் தனியாகத் திருத்த வேண்டியிருக்கிறது. கணினி ஓட்டும் எதிராளிகள் மழையில் நம்மோடு ஒத்துப்போவதில்லை என்பது வெளியான காலத்திலேயே பரவலாகப் பேசப்பட்டது. நான் மழையில் தனியாகவோ நண்பர்களோடோ ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

டிரைவர் பெயர் மற்ற கேம்களில் எப்படிப் பயன்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2019-இல் வந்த கிரிட் கேமில் ஃபெர்னாண்டோ அலோன்ஸோ ஆலோசகர், கேமுக்குள் எதிராளியாகவும் வருகிறார். ஆனால் அது எளிதாக ஓட்டிக் கொண்டாடச் செய்த கேம், அங்கே டயரின் ஸ்லிப் ஆங்கிளில் கடைசி டிகிரி பற்றிப் பேச அவசியமே இல்லை. கிரான் டூரிஸ்மோ வேறு வழியில் போகிறது. அதை உருவாக்கிய கஸுனோரி யமாவுச்சி தானே நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டியவர், 2011-இல் அவர் அணி தன் பிரிவில் வென்றது. டிரைவர் சொல்வதை இன்னொருவர் புரிந்துகொண்டு மாற்ற வேண்டிய தேவை அங்கே குறைகிறது. எனக்கு இந்த வழியின் மேல் பெரிய மரியாதை உண்டு, இருந்தாலும் பின்பக்கம் நழுவிய பிறகு காரோடு பேச வேண்டும் என்றால் என் கை புராஜெக்ட் கார்ஸ் 2 பக்கம்தான் போகிறது.

வருத்தமான பகுதி இனிமேல்தான். 2019 நவம்பரில் ஸ்டுடியோவைக் கோட்மாஸ்டர்ஸ் என்ற பிரிட்டிஷ் கேம் நிறுவனம் வாங்கியது. 2020 ஆகஸ்டில் வந்த மூன்றாம் பாகத்தில் பந்தயத்தின் நடுவே டயர் மாற்ற நிற்கும் பிட் ஸ்டாப்பும் இல்லை, டயர் தேய்மானமும் இல்லை. டயரை மையமாக வைத்து வளர்ந்த ஒரு தொடரில் டயர் தேயாது என்றால் பழைய ரசிகர்கள் கோபப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. அப்புறம் இஏ என்ற பெரிய கேம் நிறுவனத்தின் கைக்கு எல்லாம் போனது, 2022 செப்டம்பரில் கார், தடங்களுக்கான உரிமங்கள் முடிந்து இரண்டாம் பாகம் டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது, அதே ஆண்டு தொடரே நிறுத்தப்பட்டது. இத்தனை பேர் ஓட்டிப் பார்த்துச் சொன்ன அறிவு ஒரு உரிமத் தேதியோடு கடையிலிருந்து மறைவது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம்.

முன்பே வாங்கியவர்கள் தரவிறக்கி ஓட்டலாம். பிஎஸ்4 வைத்திருப்பவர்களுக்குப் பழைய டிஸ்க் கைமாற்றில் கிடைக்கும், நல்ல நிலையில் இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். கணினியில் புதிதாக வாங்க வழி தேடுபவர்கள் பிரேசிலின் ரெய்ஸா ஸ்டுடியோ செய்த ஆட்டோமொபிலிஸ்டா 2 பக்கம் போகலாம், இதே கேம் எஞ்சினின் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) மேல் கட்டியதுதான், மழையும் ஈரத் தடமும் அங்கேயும் உண்டு, 2020-இல் வந்தது முதல் தொடர்ந்து மேம்பட்டும் வருகிறது. இரண்டில் எது கிடைத்தாலும் நேராக ஃபார்முலா காரில் ஏறாதீர்கள். சக்தி குறைந்த, பின்சக்கரம் ஓட்டும் ஒரு காரை எடுத்து, எல்லா உதவியையும் அணைத்துவிட்டு, லேசான மழையில் ஒரு சின்னத் தடத்தை ஓட்டுங்கள். பின்பக்கம் நழுவும்போது வீல் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று மட்டும் கவனியுங்கள், லேப் டைமை இப்போதைக்குப் பார்க்க வேண்டாம்.