வைகையா, தாமிரபரணியா? எந்த ஆற்றங்கரைக்காரர்கள் கெட்டிக்காரர்கள் என்பதுதான் கேள்வி.

பழமை என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை இல்லை. வைகைக்குக் கீழடி, தாமிரபரணிக்கு ஆதிச்சநல்லூரும் கொற்கையும் என்று அகழாய்வு இடங்கள் உண்டு. ஆனால் தண்ணீர்க் கதை வேறு. தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையில் இரண்டு பருவமழையும் கிடைப்பதால் அதன் கரையில் அணைக்கட்டு, வாய்க்கால், நெல், வாழை என்று ஊர்கள் நிம்மதியாக வளர்ந்தன. வைகைக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை: வெள்ளம் வரும் சில நாட்களிலேயே கண்மாய்களை, அதாவது ஏரிகளை, நிரப்பிவிட வேண்டும், ஒன்று நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்ததற்கு, இப்படியே ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை போனால் கடலுக்கு மிச்சம் அநேகமாக எதுவும் இருக்காது. 1895இல் பெரியாறு அணை வந்து, மேற்கே ஓடிய தண்ணீர் வைகைப் பக்கம் திரும்பிய பிறகுதான் மதுரைப் பக்கம் கொஞ்சம் மூச்சு வந்தது. சரி, யார் கெட்டிக்காரர்கள்? கண்மாய் வெட்டியவர்கள் பக்கம்தான் நான், திருநெல்வேலிக்காரர்கள் கோபித்தாலும்.