நுகர்வோர் வழக்கு: நாமே நடத்துவதா, வக்கீல் வைப்பதா?

30,000 ரூபாய்க்கு வாங்கிய ஃபிரிட்ஜ் ஆறே மாதத்தில் படுத்துவிட்டது, கம்பெனியும் கையை விரித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வக்கீலைத் தேடி ஓடுவதற்கு முன்னால், அவர் தேவைதானா என்று பாருங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாமே மனு போட்டு நாமே பேசலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணமே கிடையாது. நாம் குடியிருக்கும் ஊரோ வேலை பார்க்கும் ஊரோ எந்த மாவட்டமோ, அங்கேயே போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகத்தைத் தேடிப் போக வேண்டாம். இந்த வழக்குகளில் பெரும்பாலும் பேசுவது காகிதம்தான். பில், வாரண்டி கார்டு, சர்வீஸ் ஆள் எழுதிக்கொடுத்த ஜாப் ஷீட், நாம் அனுப்பிய மெயில் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, பக்க எண் போட்டு, என்ன நடந்தது என்று ஒரு பக்கத்தில் எழுத முடிந்தால் பாதி வேலை முடிந்தது. இப்படிப்பட்ட வழக்குக்கு வக்கீல் வைத்தால் ஃபீஸ் ஃபிரிட்ஜ் விலையைத் தாண்டிவிடக்கூடும். செலவுத்தொகை தரச் சொல்லி ஆணையம் உத்தரவிடலாம்; அது நாம் கொடுத்த ஃபீஸை ஈடுகட்டும் என்று நம்பி இறங்காதீர்கள்.

மருத்துவ அலட்சியம், மறுக்கப்பட்ட இன்ஷூரன்ஸ் க்ளெய்ம், பில்டரோடு தகராறு என்றால் கதை வேறு. நிபுணர் கருத்து, பாலிசியின் பொடி எழுத்து, குறுக்கு விசாரணைக்கான கேள்விகள் எல்லாம் வரும். இங்கே வக்கீல் வைக்கத்தான் வேண்டும். வெளியூரில் பேரெடுத்தவரைவிட, அந்த மாவட்ட ஆணையத்தில் வாராவாரம் நிற்பவரையே நான் தேர்ந்தெடுப்பேன். வக்கீல்கள் விளம்பரம் செய்ய, அவர்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி அனுமதிப்பதில்லை. அதனால் இணையத்தில் தேடுவதைவிட, ஒரு நாள் ஆணையத்தில் போய் உட்கார்ந்து யார் எப்படி வாதாடுகிறார் என்று பார்ப்பது மேல்.

ஆன்லைனில் நோட்டீஸ் மட்டும் அனுப்பித் தரும் சேவைகளும் உண்டு. நோட்டீஸுக்கே கம்பெனி இறங்கி வந்தால் நல்லது. ஆனால் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் காசில்லாமலே புகார் கொடுக்கலாமே, அதை முதலில் செய்யுங்கள்.

பலருக்குத் தெரியாத வழி, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்கள், பட்டியலின மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீல் கிடைக்க வழியிருக்கிறது. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. உதவி எண் 15100. நமக்குப் பிடித்த வக்கீலே அமைவார் என்று சொல்ல முடியாது. ஆனாலும் காசில்லை என்பதற்காக நியாயமான வழக்கை யாரும் விட்டுவிடக் கூடாது. வழக்குப் போடுவதற்கான இரண்டு வருடக் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம் ஃபீஸ். ‘ஜெயித்தால் இத்தனை சதவீதம்’ என்ற பேச்சுக்கு இந்தியாவில் இடமில்லை. பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. வாய்தாவுக்கு இவ்வளவு என்று பேசினால் வழக்கு இழுக்க இழுக்க செலவும் ஏறும். மனு, சாட்சியம், வாதம் என்று கட்டம் கட்டமாகக் கொடுப்பதே நமக்குப் பாதுகாப்பு. அதை எழுதி வாங்குங்கள், கொடுத்த பணத்துக்கு ரசீதும் கேளுங்கள். ஏனென்றால் வக்கீலின் சேவையில் குறை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜெயித்தாலும் எதிர்த்தரப்பு 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். அங்கே வந்து நிற்பதும் பேசிய ஃபீஸுக்குள் அடக்கமா என்று வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.