விதையா, நாற்றா? அடுப்பா, ஐஸ்பெட்டியா? வசந்தத்தை வீட்டுக்கு அழைக்க எது நல்ல வழி?

வசந்தம் பூமியின் வட பாதியில் மார்ச் மாதம் வந்தாலும், தென் பாதியில் செப்டம்பரில் வந்தாலும், தோட்டம் போட நினைக்கும் வீடுகளில் எழும் கேள்விகள் ஒன்றுதான். விதை போடலாமா, வளர்ந்த நாற்றை வாங்கி நடலாமா? தரையிலா, தொட்டியிலா? கூடவே இன்னொன்று: குளிர் விலகியதைக் கொண்டாடக் குழந்தைகளோடு ஏதாவது தின்பண்டம் செய்வதென்றால், அடுப்பைப் பற்றவைப்பதா, பற்றவைக்காமலே முடித்துக்கொள்வதா?

இவை எல்லாவற்றுக்கும் நான் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன். குழந்தையின் கை மண்ணைத் தொட்ட நாளுக்கும், அதன் பலன் வாய்க்கு வரும் நாளுக்கும் நடுவே எவ்வளவு காலம்? அந்த இடைவெளி எங்கே குறைவோ அதுவே குடும்பத்துக்கு ஏற்ற வழி. எத்தனை கிலோ விளைந்தது என்பதெல்லாம் அடுத்த கவலை. ஐந்து வயதுப் பிள்ளையிடம் மூன்று மாதம் பொறு என்று சொன்னால், அடுத்த வாரமே அது தோட்டத்தை மறந்துவிடும்.

விதையும் நாற்றும்

விதைக்காக வாதாட முள்ளங்கி ஒன்றே போதும். சின்ன உருண்டை ரகமாகப் பார்த்து, ஈர மண்ணில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டால் மூன்றிலிருந்து ஐந்து நாளில் முளைத்துவிடும். முதலில் மண் லேசாக வெடிக்கும். வளைந்த தண்டு ஒன்று முதுகைக் காட்டி எழும். மறுநாள் அது நிமிர்ந்து, இதய வடிவில் இரண்டு வித்திலைகளை விரிக்கும். மூன்று வாரம் ஆனதும் கிழங்கின் சிவந்த தோள் மண்ணுக்கு மேலே தெரியத் தொடங்கும். பக்கத்து மண்ணை விரலால் விலக்கி எவ்வளவு பருத்திருக்கிறது என்று பார்க்கலாம். 25 முதல் 30 நாளில் பிடுங்கலாம். காய்கறிகளில் இவ்வளவு சீக்கிரம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது வேறு அதிகமில்லை.

ஆனால் இரண்டு காரியத்தில் கறாராக இருக்க வேண்டும். நெருக்கமாக முளைத்த செடிகளைக் கலைத்து, ஒன்றுக்கொன்று மூன்று நான்கு சென்டிமீட்டர் இடம் விட வேண்டும். இரக்கப்பட்டு எல்லாவற்றையும் விட்டுவைத்தால் இலை மட்டும் தழைக்கும், கிழங்கு திரளாது. பிடுங்கிய இளஞ்செடிகளை அப்படியே கழுவித் தின்னலாம் என்பதால் அது வீணும் ஆகாது. அடுத்தது, பருவம் வந்ததும் பிடுங்கிவிட வேண்டும். தாமதித்தால் உள்ளே பஞ்சாகி, காரமும் ஏறிவிடும். அதனால் பாக்கெட்டை ஒரே நாளில் கொட்டித் தீர்க்காமல் பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை விதைப்பதே நல்லது.

லெட்டூஸ் கீரையும் விதைக்குக் கட்சி கட்டும் பயிர்தான். அதன் விதை முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் ஆழப் புதைக்கக் கூடாது. மண் மேல் தூவி, உள்ளங்கையால் அழுத்தினால் போதும். மண்ணின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பெரும்பாலான ரகங்கள் முளைக்காமல் உறங்கிவிடும். ஆகவே இதை வசந்தத்தின் தொடக்கத்திலேயே விதைத்துவிட வேண்டும். வெளி இலைகளை மட்டும் கிள்ளி எடுத்தால் நடுக்குருத்து மறுபடி மறுபடி தழைக்கும்.

கேரட்டுக்கோ வேறு வழியே இல்லை. நாற்றாகப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அடிபட்டு, கிழங்கு இரண்டு காலாகக் கிளைத்துவிடும். நேரடி விதைப்புதான். முளைக்க இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும் என்பதால், விதைத்த வரிசை எங்கே என்பதே மறந்துபோகும். கேரட் விதையோடு கொஞ்சம் முள்ளங்கி விதையைக் கலந்து போடுங்கள். முள்ளங்கி முதலில் எழுந்து வரிசையைக் காட்டிக்கொடுக்கும். கேரட் தடிக்கும் வேளையில் அதைப் பிடுங்கித் தின்று முடித்திருப்போம்.

பட்டாணியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. குளிரைத் தாங்கும் பயிர், விதையும் பெரிது, சின்னக் கைக்கும் பிடிபடும். காய்க்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், என் அளவுகோலில் அது சற்று நீளம்தான். ஆனாலும் விதைக்கச் சொல்கிறேன். பறித்த நேரத்திலிருந்தே பட்டாணியில் உள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். கொடிக்குப் பக்கத்தில் நின்றபடியே தோலை உரித்து வாயில் போடும் மணியின் இனிப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. தோட்டம் வைத்திருப்பவருக்கு மட்டுமே கிடைக்கும் தின்பண்டம் அது.

நாற்றின் பக்கம் தக்காளியும் குடைமிளகாயும் நிற்கின்றன. தக்காளியை விதையிலிருந்து வளர்த்தால் நடும் பருவத்துக்கு வரவே ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதன்பின் பழம் பழுக்கப் பெரும்பாலும் இன்னும் இரண்டு மாதமாவது வேண்டும். போதாக்குறைக்கு, ஜன்னலோர வெளிச்சம் போதாமல் நாற்று வெளிறி, நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும். தண்ணீர் அதிகமானால் நாற்றழுகல் நோய் வந்து, மாலையில் நன்றாக நின்றது காலையில் தண்டின் அடி கருத்துக் கிடக்கும். விளக்கு வைத்து, தட்டில் தண்ணீர் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்சவிட்டு இதையெல்லாம் சமாளிக்கலாம். பொழுதுபோக்காகவே தோட்டத்தை எடுத்துக்கொண்டவர் தாராளமாகச் செய்யட்டும். பிள்ளைகளோடு முதல்முறை இறங்கும் வீட்டுக்கு நான் நாற்றைத்தான் சொல்வேன்.

வாங்கும்போது உயரமானதைத் தேடாதீர்கள். குட்டையாக, தண்டு தடித்து, இன்னும் பூ வைக்காத நாற்றுதான் நல்ல நாற்று. இலையைத் திருப்பிப் பார்த்து, அசுவினியோ வெள்ளை ஈயோ ஒட்டியிருந்தால் அங்கேயே வைத்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்த நாற்றை உடனே வெயிலில் நடக் கூடாது. ஒரு வாரம் பத்து நாள், தினமும் சிறிது நேரம் வெளியே வைத்து, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய்ப் பழக்க வேண்டும். இரவுக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்குவது நின்ற பிறகே மண்ணில் நட வேண்டும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டையும் சேர்த்து ஆழமாகப் புதைத்தால், புதைந்த தண்டெல்லாம் வேர்விடும். தக்காளிக்கு உள்ள தனிச் சலுகை இது. ஸ்ட்ராபெர்ரி இதற்கு நேரெதிர். அதையும் செடியாகத்தான் வாங்க வேண்டும், ஆனால் குருத்து கிளம்பும் நடுப்பகுதி மண்மட்டத்தில் இருக்க வேண்டும். புதைத்தால் அழுகும்.

புதினா இந்தப் போட்டியிலேயே இல்லை. ஒரு தண்டை ஒடித்து, அடி இலைகளை நீக்கிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை வேர்கள் தெரியும். குழந்தை வேரையே கண்ணால் பார்க்கும் வாய்ப்பு என்பதால், இதைத்தான் முதல் நாள் வேலையாக வைப்பேன். தரையில் மட்டும் நட வேண்டாம். நிலத்தடித் தண்டுகளை ஓடவிட்டு, அடுத்த பாத்தியையும் பிடித்துக்கொள்ளும்.

தரையும் தொட்டியும்

இதில் எனக்கு அதிகத் தயக்கம் இல்லை. வசந்தத் தொடக்கத்தில் தொட்டி ஜெயிக்கும், கோடையில் தரை ஜெயிக்கும். தொட்டி மண் சீக்கிரம் சூடேறும், தரை மண் வெகுநாள் ஈரமும் குளிருமாகக் கிடக்கும். தரையில் இறங்கலாமா என்பதற்கு எளிய சோதனை உண்டு. ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்து, விரலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். களிபோல ஒட்டிக்கொண்டே இருந்தால் பொறுக்க வேண்டும், ஈரத்தில் மிதித்த மண் இறுகிவிடும்.

வெயில் ஏறினால் தொட்டி வேகமாகக் காயும், மண்தொட்டி பிளாஸ்டிக்கைவிட இன்னும் வேகமாக. தக்காளிக்குச் செடி ஒன்றுக்கு 15 முதல் 20 லிட்டர் மண்ணாவது வேண்டும். முள்ளங்கிக்கும் லெட்டூஸுக்கும் 15 சென்டிமீட்டர் ஆழம் போதும், அடியில் ஓட்டை இருந்தால் பழைய வாளிகூட ஆகும்.

அடுப்பும் ஐஸ்பெட்டியும்

பிஸ்கட் சுடும் மணத்துக்கு ஈடில்லை. ஆனால் மாவைப் பிசைந்து வடிவம் வெட்டியதும் குழந்தையின் வேலை முடிந்துவிடுகிறது. தட்டு சூட்டுக்குள் போன பிறகு எல்லாம் பெரியவர் பாடு, பிள்ளை எட்டி நிற்க வேண்டும். அடுப்பில்லாத பண்டங்களில் முதலிலிருந்து கடைசிவரை குழந்தையின் கையே வேலை செய்கிறது. என் வாக்கு அவற்றுக்கே.

ஸ்ட்ராபெர்ரியை நறுக்கி, சர்க்கரையைத் தூவி, அரைமணி நேரம் மூடிவையுங்கள். சர்க்கரை பழத்தின் நீரை வெளியே இழுக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாத கிண்ணத்தில் சிவந்த பாகு திரண்டு நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லவாவது இதைச் செய்ய வேண்டும். மிஞ்சியதை மசித்து, எலுமிச்சைச் சாறும் கிள்ளிய புதினாவும் சேர்த்து அச்சில் ஊற்றினால் குச்சி ஐஸ். குளிர்ச்சி இனிப்பை மட்டுப்படுத்தும் என்பதால், ஊற்றும்போது நாவுக்குச் சற்றுத் தூக்கலாக இனிக்க வேண்டும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும். அச்சை விளிம்புவரை நிரப்பாதீர்கள்.

பூக்களை ஐஸ் கட்டியில் உறையவைப்பது அழகுதான், ஆனால் எந்தப் பூ என்பதில் கவனம் வேண்டும். நஸ்டர்ஷியம், வயோலா போன்றவை உண்ணத் தகுந்தவை. வசந்தத்தின் அடையாளமான டாஃபடில் நஞ்சு, அதன் கிழங்கு பார்க்க வெங்காயம் போலவே இருக்கும், சமையலறைப் பக்கம் வைக்கவே கூடாது. அலங்காரத்துக்காக விற்கும் செடிகளில் பூச்சிமருந்து அடித்திருக்கலாம், எனவே நீங்களே வளர்த்த பூவை மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. சிறு பிள்ளைகளுக்குத் திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான் தர வேண்டும்.

அடுப்புக்கும் ஒரு நாள் உண்டு. வசந்தம் என்றால் தினமும் வெயில் என்று அர்த்தமில்லை. மழையும் குளிர்காற்றும் திரும்பி வந்து கதவைச் சாத்தவைக்கும் நாட்கள் வரும். எலுமிச்சைத் தோலைத் துருவி மாவில் சேர்த்து பிஸ்கட் சுட அதுதான் சரியான நாள். தட்டு உள்ளே வேகும் நேரத்தில், குழந்தையின் கைக்கு வேலையாக, போன வருடத்து விதைப் பாக்கெட்டுகளை எடுத்துக் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் பத்து விதையை எண்ணி, ஈரக் காகிதத்தில் சுருட்டி, காயாமல் மூடிவைக்கட்டும். தக்காளி, முள்ளங்கி விதைகள் நன்றாகக் காப்பாற்றினால் நான்கு வருடம்கூடத் தாங்கும், வெங்காய விதை ஒரு வருடத்திலேயே சோர்ந்துவிடும். பாதிக்குமேல் முளைத்தால் அந்தப் பாக்கெட்டை நம்பி விதைக்கலாம், குறைந்தால் இரண்டு மடங்காகத் தூவலாம், ஒன்றிரண்டுதான் முளைத்தது என்றால் புதிது வாங்கிவிடுங்கள்.