கேஈ70 காடிக்கு ஸ்ட்ரட் பாரா, வெல்டிங்கா?

பழைய டொயோட்டா கொரோலா கேஈ70 காருக்கு (நாங்க காடின்னுதான் சொல்வோம்) தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் எல்லா பாரத்தையும் தாங்குது. அத கெட்டியாக்கணும்னா இங்க மலேசியாவுல ரெண்டு வழிதான் பேசுவாங்க, முன்னாடி ரெண்டு ஸ்ட்ரட் டவரையும் (ஸ்பிரிங், அப்சோர்பரோட தலை மாட்டியிருக்கிற பாடி மேடு) குறுக்கால இணைச்சு நட்டு போட்டு மாட்டுற ஸ்ட்ரட் பார், இல்லாட்டி தகடு சேர்ற இடத்துல எல்லாம் வெல்டிங் அடிக்கிறது. நான் பார்தான் போட்டேன், இன்னிக்கு கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

கெட்டின்னு மட்டும் பாத்தா வெல்டிங்தான் ஜெயிக்கும், அதுல வாக்குவாதமே இல்ல, ரேலி காடிக்கெல்லாம் அப்படித்தான் செய்றாங்க. ட்ராக்ல நான் ஓட்டினது இல்ல, அதனால செப்பாங் ரேஸ் ட்ராக்குக்கு போற தம்பிங்களுக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன். நான் சொல்றது சுங்கை சிப்புட் மாதிரி ஊர்ல, செம்பனை தோட்டத்து செம்மண் ரோட்டுலயும் ஈப்போ போற ரோட்டுலயும் தெனம் ஓடுற காடிக்கு.

இங்க எல்லாத்தையும் முடிவு பண்றது துருதான். வெல்டிங் அடிக்கிறப்போ அந்த சூட்டுல தகட்டுக்கு உள்பக்கம் இருக்கிற பெயிண்டும் எரிஞ்சு போயிரும், வெளியில கிரைண்டர் போட்டு பிரைமர் அடிச்சிரலாம், ஆனா சில் (கதவுக்கு கீழ ஓடுற பகுதி) மாதிரி மூடுன பெட்டிக்குள்ள பிரஷ் எங்க போகும், அங்க மழைத்தண்ணியும் செம்மண் சேறும் போயி உக்காந்தா உள்ளேர்ந்தே அரிக்கும், வெளியில பொங்கி வர்றப்போதான் நமக்கே தெரியும். மெழுகு ஸ்ப்ரே குழாய விட்டு உள்ள அடிக்கணும், தண்ணி வடியிற ஓட்டைங்க அடைக்காம பாத்துக்கணும், இத காடி இருக்கிற வரைக்கும் விடாம செய்யணும். நாளைக்கு தரை தகடு போயிருச்சுன்னா கம்பெனி அடிச்ச ஸ்பாட் வெல்டிங்கா இருந்தா புள்ளி புள்ளியா டிரில் போட்டு கழட்டிரலாம், நீளமா வெல்டிங் அடிச்சத வெட்டித்தான் எடுக்கணும். போர்மெனுக்கும் (மெக்கானிக்) வேலை, நமக்கும் செலவு.

பாருக்கு இந்த தொல்லையே இல்ல. நட்ட கழட்டி, ஸ்ட்ரட் டவர் மேல துரு இருக்கானு பாத்து, சுரண்டி பெயிண்ட் அடிச்சு மறுபடி மாட்டிரலாம். வாங்குறப்போ ரெண்டு முனையும் போல்ட்டுல மடங்குற மாதிரி இருக்கிறத எடுக்காதீங்க, மடங்குற எடத்துல கெட்டி எங்கேர்ந்து வரும், ஒரே துண்டா இருக்கறதுதான் வேலை செய்யும். பானட்டும் ஏர் பில்டரும் இடிக்குதானு மட்டும் மாட்டி பாத்துட்டு காசு குடுங்க. பின்னாடி பார் அவ்வளவு தேவை இல்ல, இந்த காடில பின்னாடி ஸ்பிரிங் தனியா அப்சோர்பர் தனியா நிக்குது, காடி பாரம் அப்சோர்பர் தலைக்கு வர்றது இல்ல. அந்த காசுக்கு சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் மாத்துங்க. டவரே ஏற்கனவே அரிச்சோ வெடிச்சோ இருந்தா மட்டும் பார் உதவாது, அங்க வெல்டிங்தான் வேணும்.

விக்கிற விசயம் சுருக்கமா: பேர் மாத்துறதுக்கு புஸ்பாகோம் (வண்டி பரிசோதனை நிலையம்) போனா வெட்டி ஒட்டுன காடியானு பாப்பாங்க, சேசிஸ் நம்பர் பக்கம் வெல்டிங் கம்பியே போகக்கூடாது.

இல்லண்ணே, வெல்டிங்தான் அடிப்பேன்னு இருக்கிறவங்க பேட்டரி நெகட்டிவ முதல்ல கழட்டிருங்க, காடி சமமான தரையில நாலு டயர்லயும் நிக்கணும், ஒரு அங்குலம் அடிச்சா ஒரு அங்குலம் விட்டு எடம் மாத்தி மாத்தி அடிக்கச் சொல்லுங்க, நடு நடுவுல கதவு சரியா மூடுதானு பாத்துக்கிட்டே இருங்க.