லேப்டாப்பில் ஓடுவதைப் பார்த்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

ஈரோட்டுப் பக்கம் மரச்செக்கு எண்ணெய் வியாபாரம் எங்களுக்கு. வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டரை நோட்டில் எழுதி மாளவில்லை என்று, போன வருடம் ஒரு ஃப்ரீலான்ஸரிடம் ஆர்டர் சைட் செய்யக் கொடுத்தோம். வாடிக்கையாளர் பார்க்கும் முன்பக்கம் ரியாக்ட், சர்வரில் ஓடும் பின்பக்கம் நோட்.ஜேஎஸ், டேட்டா மாங்கோடிபி என்ற டேட்டாபேஸில். பேசிய தொகை 70,000 ரூபாய்.

டெமோ காட்ட லேப்டாப்போடு குடோனுக்கே வந்தார். கடலை எண்ணெய் 5 லிட்டர் கார்ட்டில் விழுந்தது, பில் வந்தது, என் மனைவி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. மேலே அட்ரஸ் பாரில் லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்ததை நானும் பார்த்தேன். ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைத்துக்கொண்டேன்! மீதிப் பணத்தை அங்கேயே ஜிபே செய்தேன். சர்வர் சார்ஜ் என்று வருடத்துக்கு 6,000 தனி.

மறுநாள் லிங்க்கை வாடிக்கையாளர் குரூப்பில் போட்டால், பக்கம் திறக்கிறது, உள்ளே ஒரு எண்ணெய் கூட இல்லை. போன் செய்தேன். "உங்க நெட் ஸ்லோ சார்" என்றார். நாற்பது பேருக்குமா நெட் ஸ்லோ?

அக்கா மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். என் போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாமா, இது ஒவ்வொருத்தர் போனுக்குள்ளயும் சர்வரைத் தேடுது." முன்பக்கம் எந்த முகவரியில் போய் டேட்டா கேட்க வேண்டும் என்ற இடத்தில் லோக்கல்ஹோஸ்டையே விட்டிருக்கிறார். அந்தச் சொல்லுக்கு 'இதே கருவி' என்று பொருளாம். அவர் லேப்டாப்பில் சர்வரும் இருந்ததால் ஓடியது. என் போனில் எங்கிருந்து ஓடும்?

சொன்னதும் முகவரியை மாற்றினார். உடனே கோர்ஸ் பிழை என்று ஒன்று வந்தது. "இது பெரிய செக்யூரிட்டி இஷ்யூ சார், 5,000 ஆகும்." கொடுத்தேன். எந்தெந்த முகவரியிலிருந்து வரும் பக்கத்துக்குப் பதில் தரலாம் என்று பின்பக்க நிரலில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் லோக்கல்ஹோஸ்ட் மட்டும் இருந்தது, எங்கள் டொமைனைச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான், ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு ஒரு டின் எண்ணெய்க் காசு போனது.

அப்புறம் காலையில் முதலில் வருகிறவருக்குப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு நிமிடம் ஆகும். பின்பக்கத்தை இலவசத் திட்டத்தில் வைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் ஆள் வராவிட்டால் அது தூங்கிவிடும், யாராவது தட்டினால் எழுந்து வரும். நான் கொடுத்த 6,000 எங்கே போனது என்று கேட்டதற்கு இன்று வரை பதில் இல்லை.

ஐபோன்காரர்கள் கதை தனி. லாகின் ஆகும், அடுத்த பக்கம் போனால் மறுபடி லாகின் கேட்கும். என்னிடம் இருப்பது ஆண்ட்ராய்டு, அதில் ஒழுங்காக வேலை செய்ததால் நான் வாடிக்கையாளரைத்தான் சந்தேகப்பட்டேன். முன்பக்கம் எங்கள் டொமைனில், பின்பக்கம் இலவச ஹோஸ்டிங்காரர் கொடுத்த வேறு டொமைனில். லாகினை நினைவில் வைக்க பிரவுசரில் போட்டு வைக்கும் சின்னக் குறிப்பான குக்கி அந்த வேறு டொமைனுடையது. ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து இப்படி மூன்றாம் ஆளாக வரும் குக்கியை வாங்குவதே இல்லை. டெமோவின்போது ஒரே ஒரு ஐபோனைக் கடன் வாங்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இதெல்லாம் சோம்பேறித்தனம் என்று விட்டுவிடலாம். ஆனால் பையன் ஒரு நாள் இரவு கூப்பிட்டு, "மாமா, உடனே பேமென்ட் கேட்வே அக்கவுன்ட்டுக்குள்ள போங்க" என்றான். பணம் வாங்கித் தரும் அந்த கேட்வே நம் கடைக்குக் கொடுத்த ரகசியச் சாவி, பாஸ்வேர்டு மாதிரி ஒன்று, முன்பக்கத்து ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் பச்சையாகக் கிடந்தது. ரியாக்ட் நிரலை வீட் என்ற கருவியால் பில்ட் செய்திருக்கிறார், அதாவது பிரவுசருக்கு அனுப்பும் கோப்பாக மாற்றியிருக்கிறார். அதில் ஒரு குறிப்பிட்ட முன்னொட்டு வைத்துப் பெயரிட்ட எந்த என்விரான்மென்ட் வேரியபிளை (நிரலுக்கு வெளியே எழுதி வைக்கும் அமைப்பு மதிப்பை) முன்பக்க நிரலில் எடுத்தாண்டாலும், பில்ட் ஆகும்போது அதன் மதிப்பு கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரவுசரில் சோர்ஸைத் திறந்து தேடத் தெரிந்த எவரும் எடுக்கலாம். இரவு பதினொன்றரைக்குச் சாவியை மாற்றினேன். பணம் எதுவும் போகவில்லை. தூக்கம்தான் போனது.

சரி, பையனே ஒரு சின்ன விபிஎஸ், அதாவது வாடகை சர்வர், எடுத்து மாற்றிக் கொடுத்தான். அதில் இன்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் முன்பக்கக் கோப்புகளை நேரே கொடுக்கிறது, ஏபிஐ என்று தொடங்கும் பாதையில் வரும் டேட்டா கோரிக்கையை மட்டும் நோட்.ஜேஎஸுக்கு அனுப்புகிறது. இரண்டும் ஒரே டொமைனில் வந்ததும் கோர்ஸும் இல்லை, குக்கித் தொல்லையும் இல்லை. முகவரியில் பூட்டுக்குறி வர வேண்டிய சர்டிஃபிகேட் லெட்ஸ் என்கிரிப்ட்டில், இலவசம். நோட்.ஜேஎஸ் விழுந்தால் திரும்ப எழுப்ப பிஎம்2 என்ற கருவி.

நீங்கள் யாரிடமாவது கொடுக்கிறீர்கள் என்றால், கடைசித் தவணையை உங்கள் போனில், மொபைல் டேட்டாவில், ஓர் ஆர்டர் முழுசாகப் போன பிறகு கொடுங்கள். அதைவிட முக்கியம், டொமைன், நிரலைச் சேமித்து வைக்கும் கிட்ஹப், டேட்டாபேஸ், ஹோஸ்டிங் எல்லாவற்றையும் உங்கள் மெயில் ஐடியில் உங்கள் கார்டில் நீங்களே திறந்து, அவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். நாங்கள் அதைத்தான் செய்யவில்லை. டேட்டாபேஸின் பாஸ்வேர்டு சர்வர் ஃபைலில் இருந்ததால் ஆர்டர்களைப் பிரதி எடுத்துக்கொண்டோம். டொமைன் அவர் பெயரில் இருக்கிறது. அதை மாற்ற அவர் அக்கவுன்ட்டிலிருந்து ஒரு ரகசியக் குறியீடு வேண்டும், அவர் போனை எடுப்பதில்லை.

புது டொமைன் வாங்கிவிட்டோம். பழைய முகவரி அச்சான ஸ்டிக்கர் 2,000 குடோனில் கிடக்கிறது. அதன்மேல் புது முகவரியை ஒட்டும் வேலை சாயங்காலமானால் எனக்கும் மனைவிக்கும்.